காலி சீட்டின் விலை

அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வரும். ஒரு நாள் கல்விச் சுற்றுலா. அதிகாலை 5 மணிக்குப் பள்ளி வளாகத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி, நோட்டு, பேனா கொண்டுவர வேண்டும். நகை போட்டு வரக் கூடாது. கட்டணம் 1,000 ரூபாய், கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. அடியில் கத்தரித்துத் தர ஒரு துண்டு: ‘என் மகனை/மகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்.’

அந்தத் தாள் சில வீடுகளில் ஒரு நிமிஷ வேலை. அம்மா போனை எடுத்துப் பணத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வாரக்கூலி வாங்கும் வீட்டில் அது பல நாள் பேச்சு. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதத்தில் இரண்டு தாள் வந்துவிட்டால், யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்ற பஞ்சாயத்தும் சேர்ந்துகொள்ளும்.

வகுப்பாசிரியர் கையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், கட்டிய தொகை, பாக்கி. “அப்பா சனிக்கிழமை தரேன்னு சொன்னாரு மிஸ்” என்பது முதல் பதில். சனிக்கிழமை கழிந்த பிறகும் கேட்டால், “எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும் மிஸ், நான் வரல” என்று பிள்ளையே பேச்சை முடித்துவிடும். பத்து வருஷம் பாடம் நடத்திய எந்த ஆசிரியருக்கும் இந்த வாந்தி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பலர் சத்தம் போடாமல் தம் கைக்காசைப் போட்டு அந்தப் பெயருக்கு நேரே ‘கட்டியாச்சு’ என்று எழுதிவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஒரு பள்ளியின் ஏற்பாடு ஒருவருடைய சம்பளத்தையும் மனசையும் மட்டும் நம்பி நிற்பது சரியில்லை.

இந்த 1,000 ரூபாய் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 45 பிள்ளைகள். பேருந்து வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய். சாப்பாடு, தண்ணீர், நுழைவுச்சீட்டு என்று தலைக்கு 200. பேருந்துப் பங்கு 800, தலைச்செலவு 200, ஆக 1,000. ஆசிரியர்களின் செலவை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

இனி மூன்று பிள்ளைகள் பணம் கட்ட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். பேருந்துக்காரர் அதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்கப்போவதில்லை. 45 பேர் ஏறினாலும் 42 பேர் ஏறினாலும் வாடகை 36,000தான். மிச்சமாவது மூன்று பேரின் சாப்பாட்டுக் காசும் டிக்கெட் காசும், மொத்தம் 600 ரூபாய். 42 பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு 1,057 ரூபாய் ஆகிறது. அந்த மூவரையும் கூட்டிக்கொண்டே போனால்? 45,000 ரூபாயை 42 பேருக்குப் பிரித்தால் 1,071. வித்தியாசம் தலைக்குப் பதினான்கு ரூபாய், ஒரு டீயின் விலை.

ஆயிரம் ரூபாய் இல்லாததால் வீட்டில் நின்ற பிள்ளையைக் கூட்டிப்போக உண்மையில் கூடுதலாகத் தேவைப்பட்டது 200 ரூபாய்தான். அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டிய சீட்டு வாடகை கொடுக்கப்பட்டு, காலியாகவே மாமல்லபுரம் போய்வருகிறது. சுற்றுலாவுக்குப் பணம் திரட்டுவது என்றாலே ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் புரட்டிக் கொடுப்பது என்று நினைக்கிறோம். திரட்ட வேண்டிய தொகை பல நேரம் அதைவிடக் குறைவு. அது யார் பெயரில் சேர வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இங்கிலாந்து இந்தச் சிக்கலைச் சட்டத்திலேயே எடுத்துப் பேசுகிறது. அங்கே 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் பள்ளி நேரத்தில் நடக்கும் சுற்றுலாவுக்குக் கட்டணம் வாங்க முடியாது. ‘விருப்ப நன்கொடை’ கேட்கலாம். கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைக் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும். கொடுத்த வீட்டுப் பிள்ளை, கொடுக்காத வீட்டுப் பிள்ளை என்று பிரித்து நடத்தக் கூடாது. இரவு தங்கும் சுற்றுலாவாக இருந்தால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் உண்டு. குறிப்பிட்ட அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு அதுவும் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போதிய நன்கொடை சேராவிட்டால் சுற்றுலாவையே ரத்து செய்யப் பள்ளிக்கு உரிமை உண்டு. அதை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிடவும் வேண்டும். ‘கட்டாயம் இல்லை, ஆனால் நீங்கள் தராவிட்டால் யாரும் போக முடியாமல் போகலாம்’ என்று ஒரே கடிதத்தில் இரண்டையும் படிக்கும் பெற்றோருக்கு அது எவ்வளவு விருப்பமான நன்கொடை என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு விதி சுவையானது. கட்டணம் வாங்க அனுமதியுள்ள இடத்திலும், ஒரு பிள்ளைக்கு ஆகும் உண்மைச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே பார்த்த பதினான்கு ரூபாயை மற்ற பிள்ளைகளின் கட்டணத்தில் ஏற்றிவிட முடியாது என்று அர்த்தம். எனவே பள்ளிகள் கேக் விற்கின்றன. சீருடை இல்லாமல் வண்ண உடையில் வர ஒரு நாளை அறிவித்து, வரும் பிள்ளைகளிடம் சில்லறை வசூலிக்கின்றன. இத்தனை மைல் நடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உறவினர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு பிள்ளைகள் நடக்கிறார்கள். இப்படிச் சேரும் பணம் பொதுவில் விழுகிறது.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே பிள்ளைகளே விற்பனையாளர்கள். நியூ ஜெர்சியிலோ டல்லஸிலோ மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும். எட்டாம் வகுப்பு வாஷிங்டன் போகிறது. பேரன் கைப்பிடி வைத்த அட்டைப் பெட்டி நிறைய சாக்லேட்டோடு வீட்டுக்கு வருகிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா ஆபீசுக்குப் போகிறார். மைக்ரோவேவ் பக்கத்தில் வைத்து, அருகே ஒரு கவரையும் ஒட்டிவிடுகிறார். மாலைக்குள் பெட்டி காலி. சிகாகோவின் ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட் சாக்லேட்’ போன்ற நிறுவனங்களுக்கு இந்தப் பள்ளி வசூல்தான் தொழில். விற்ற தொகையில் ஒரு பெரும் பங்கு நிறுவனத்துக்குப் போகும், மீதிதான் பள்ளிக்கு. பிள்ளைகள் தின்பண்டம் விற்று நிதி சேர்ப்பது அந்த நாட்டில் நூறாண்டுப் பழக்கம். ஒக்லஹோமாவின் மஸ்கோகி நகரில் பெண் சாரணியர் குழு ஒன்று பிஸ்கட் சுட்டு விற்றது 1917இல்.

ஆனால் எல்லா அப்பாக்களுக்கும் அப்படி ஒரு ஆபீஸ் இருப்பதில்லை. இரவு ஷிப்டில் கிடங்கில் மூட்டை அடுக்குபவர் பெட்டியை யாரிடம் நீட்டுவார்? அவர் பிள்ளை வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். 1997இல் நியூ ஜெர்சியில் பள்ளி நிதிக்காக வீடு வீடாக விற்கப் போன 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொலை செய்யப்பட்டான். பிள்ளைகளைத் தனியே விற்க அனுப்பாதீர்கள் என்ற எச்சரிக்கை அதற்குப் பிறகு உரக்க ஒலிக்கத் தொடங்கியது.

இங்கேதான் யார் பெயரில் பணம் சேர வேண்டும் என்ற கேள்வி மறுபடி வருகிறது. நூறு சாக்லேட் விற்ற பிள்ளையின் கணக்கில் நூறு சாக்லேட்டின் லாபம், ஐந்து விற்றவனுக்கு ஐந்தின் லாபம் என்று வைத்தால், உழைப்புக்கேற்ற பலன் என்று தோன்றும். உண்மையில் அது அப்பாவின் ஆபீசுக்கேற்ற பலன். இதைச் சட்டம் ஒருமுறை நேருக்கு நேர் விசாரித்தது. வர்ஜீனியா மாநிலத்தில் ‘கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ்’ என்ற பெற்றோர் நிதிக் குழு, பிள்ளைகளின் போட்டிச் செலவுக்காகப் பொருள்கள் விற்று நிதி திரட்டியது. விற்ற குடும்பத்துக்குப் புள்ளி, புள்ளிக்கேற்றபடி அந்தக் குடும்பம் கட்ட வேண்டிய தொகையில் கழிவு. விற்காத குடும்பத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. தொண்டு அமைப்பு என்ற பெயரில் அது அனுபவித்த வரிவிலக்கை வரித்துறை பறித்தது. 2013இல் அமெரிக்க வரி நீதிமன்றமும் வரித்துறை பக்கமே நின்றது. திரட்டியவருக்கே திரும்பிப் போகும் பணத்தைத் தர்ம நிதி என்று ஒப்புக்கொள்ள முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கலிபோர்னியா இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. அரசுப் பள்ளியின் பாடம் சாராத நடவடிக்கைகளுக்குக்கூடக் கட்டணம் வாங்குவது இலவசக் கல்வி உரிமைக்கு முரண் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1984இல் சொல்லிவிட்டது. பணம் இல்லை என்ற காரணத்துக்காக எந்த மாணவரையும் சுற்றுலாவில் சேர்க்காமல் விடக் கூடாது என்று அம்மாநிலக் கல்விச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரி இன்னும் உருப்படியானது: வசதியற்ற பிள்ளைகளுக்கான பணத்தை ஊர்ச் சேவை அமைப்புகளிடமிருந்து பெறும் வேலையைப் பள்ளி நிர்வாகக் குழுவே ஒருங்கிணைக்க வேண்டும். ஓடித்திரிந்து பணம் கேட்கும் பொறுப்பு பிள்ளையின் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

விற்காமலும் கேட்காமலும் சேர்க்கிற வழி ஒன்று ஜப்பானில் உண்டு. 1886இல் தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா மாநிலத்தின் சோஷி கடற்கரைப் பக்கம் 11 நாள் நடைப்பயணம் போனார்கள். அணிவகுப்புப் பயிற்சி பாதி, செடிகொடி, பாறை ஆராய்ச்சி மீதி. ஜப்பானியப் பள்ளிச் சுற்றுலாவின் தொடக்கம் அது என்பார்கள். இன்று அந்த நாட்டில் பள்ளிப் படிப்பில் அது ஒரு சடங்கு மாதிரி. பல நாள் தங்கும் பயணம் என்பதால் செலவும் கூடுதல். அதனால் பல பள்ளிகள் சுற்றுலாவுக்கு வெகு முன்பே மாதம் ஒரு தொகையைப் பெற்றோரிடம் வாங்கிச் சேமிக்கத் தொடங்கிவிடுகின்றன. பணம் வாங்கும் அன்று யாருக்கும் பெரிய தொகையாகத் தெரிவதில்லை. அதுவும் கட்ட முடியாத குடும்பங்களுக்கு உள்ளாட்சியின் பள்ளி உதவித் திட்டம் இருக்கிறது. சுற்றுலாச் செலவும் அதில் சேர்த்தி.

மாதத் தவணை என்பது நம் ஊர் அம்மாக்களுக்குப் புதிதா என்ன! தீபாவளிச் சீட்டு போடாத தெரு எது? வாரம் ஐம்பது, நூறு என்று கட்டிவிட்டு ஐப்பசியில் பலகாரமும் பாத்திரமும் வாங்குகிற கணக்குதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ‘டிசம்பரில் சுற்றுலா, மாதம் 150 ரூபாய்’ என்று அறிவித்தால் ஏழு மாதத்தில் 1,050 சேர்ந்துவிடும். ஒரே வெள்ளிக்கிழமையில் 1,000 கேட்பதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தனியொருவர் கையில் ரொக்கமாகத் தங்கும் சீட்டுகள் முழுகிய கதைகளும் நமக்குத் தெரியும். அதனால் பணம் பள்ளியின் கணக்கிலோ பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலோ ரசீதோடு விழ வேண்டும். ஆசிரியரின் சொந்த எண்ணுக்கு ஜிபே அனுப்பச் சொல்வது வசதிதான். பின்னால் கணக்குக் கேட்கும்போது அதே வசதி அந்த ஆசிரியருக்குத் தலைவலியாக வந்து நிற்கும்.

திரட்டுவதற்கு முன்னால், குறைக்க முடிவது எது என்றும் பார்க்கலாம். ரயில்வேயின் கல்விச் சுற்றுலாச் சலுகையைப் பயன்படுத்தும் பள்ளிகள் மிகக் கொஞ்சம். மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் கட்டணத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதத் தள்ளுபடியோடு கல்விச் சுற்றுலா போகலாம். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பலரின் சலுகைகள் நின்றபோதும் மாணவர் சலுகை நிற்கவில்லை. தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் வேண்டும், முன்கூட்டியே அலைய வேண்டும். போனில் பேசி முடிகிற வாடகைப் பேருந்தின் சுகம் இதில் இல்லை என்பதால்தான் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் இருக்கிறது. தீம் பார்க்கின் டிக்கெட் ஒன்றே மொத்தச் சுற்றுலாச் செலவை இரட்டிப்பாக்கிவிடும். மத்தியத் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள மாமல்லபுரம், செஞ்சிக் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பார்க்க 2019இல் திறந்த மாடத்தில் 5,000 பேர் உட்காரலாம். இணையத்தில் பதிவு செய்துகொண்டால் அனுமதி இலவசம். என்ன, ராக்கெட்டுக்கு உடம்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டுவிட்டால் பேருந்து முன்பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

குறைக்கவே கூடாத செலவும் ஒன்று உண்டு. ஒரு இரவுத் தங்கல் வாடகையை மிச்சம் பிடிக்க, ராத்திரி முழுக்கப் பேருந்தை ஓட்டி விடிந்ததும் போய்ச் சேருவது எங்கும் நடக்கிற சிக்கனம். 2022 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட ஒரு பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே நள்ளிரவு நேரத்தில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. மாணவர்கள் ஐந்து பேர் உட்பட 9 பேர் இறந்தார்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் இரவு நேரத்தில் ஓடக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கேரளா அதன்பின் கறாராக வலியுறுத்தியது. பட்ஜெட் போடும் கூட்டத்தில், ‘ராத்திரியே கிளம்பிட்டா ரூம் வாடகை மிச்சம்’ என்று யாராவது சொன்னால் அந்த யோசனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு தொகை துண்டு விழும். அதை யாரிடம் கேட்பது? முதலில் பழைய மாணவர்கள். வெள்ளிவிழாச் சந்திப்பு நடத்தி ஒரே நிற டீ-ஷர்ட் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு இல்லாத பள்ளி இன்று அபூர்வம். அவர்களிடம் ‘ஏழை மாணவர் மூன்று பேருக்கு உதவுங்கள்’ என்று கேட்பது ஒரு வகை. பணம் வரும், கூடவே ‘அந்த மூணு பேரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்’ என்ற கோரிக்கையும் வரும். ‘பேருந்து வாடகையில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது இன்னொரு வகை. நம் கணக்கில் 18,000 ரூபாய் வந்துவிட்டால் ஒவ்வொரு பிள்ளையின் கட்டணமும் 1,000லிருந்து 600 ஆகிவிடும். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் தள்ளுபடி போகிறதே என்று சிலர் முணுமுணுக்கலாம். போகட்டும். யார் வீட்டுப் பணத்தில் யார் வந்தார்கள் என்று பேருந்துக்குள் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதற்கு அது பெரிய விலை அல்ல.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். எந்த வீட்டில் இந்த மாதம் கையிருப்பு இல்லை என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லாமலே தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் இவர்கள்தான். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் மூலம் வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு முறைப்படி பணம் தர வழி இருக்கிறது.

பள்ளியில் உணவுத் திருவிழா நடத்தலாம். சுண்டல், பணியாரம், சர்பத் என்று கூட்டம் அள்ளும். ஆனால் நானூறு ரூபாய்க்கு விற்ற பணியாரத்துக்கு அம்மா எண்ணெயும் வெல்லமும் வாங்கிய ஐந்நூறை யாரும் எழுதிவைப்பதில்லை. பொருளைப் பொதுவில் வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொன்னால்தான் அது வசூல். பழைய நோட்டு, செய்தித்தாள் சேகரித்து எடைக்குப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. முதல் போடத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் கிடைக்கும், எவ்வளவு வந்தது என்பதைத் தராசே சொல்லிவிடும். சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு தருவதைப் பிற நாடுகளில் பார்த்துவிட்டு இங்கே செய்ய நினைப்பவர்கள், தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருப்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளையின் படத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் இணையத்தில் போட்டு நிதி கேட்பதைச் சிலர் மருத்துவச் செலவுக்குச் செய்வதுபோலச் சுற்றுலாவுக்கும் செய்யப் பார்க்கிறார்கள். உயிர் பிழைக்கக் கேட்பதையும் மாமல்லபுரம் போகக் கேட்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சுற்றுலா ஒரு நாளில் முடிந்துவிடும். அந்தப் படம் அவன் கல்லூரி போகும்போதும் தேடினால் வரும்.

திரும்பி வந்த வாரத்திலேயே கணக்கை ஒட்டிவிட வேண்டும். வாடகை ரசீது, டோல் சீட்டு, சாப்பாட்டு பில், நுழைவுச்சீட்டுக் கட்டு எல்லாவற்றையும் அறிவிப்புப் பலகையில் போட்டால் அடுத்த வருஷம் பணம் கேட்பது பாதி சுலபம். மீதி 1,350 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 45 பேருக்கும் ஆளுக்கு 30 ரூபாயாகத் திருப்பித் தருவதா, அடுத்த வருஷச் சுற்றுலாவுக்கு முதலாக வைப்பதா என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுத் தீர்மானிக்கலாம். வைத்துக்கொள்ளச் சொன்னால், அடுத்த ஜூனில் அது அந்த ஆண்டுச் சுற்றுலாவின் முதல் வரவு.